உயர்தரத்துக்கும் மருத்துவபீடத்துக்கும் இடையில் ஓர் ஆண்டு: நமது பிள்ளைகளுக்கு உள்ள வழிகள்

2024 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரல் 26 ஆம் திகதி வெளியானது. மறுநாள் காலையில் புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசி எடுத்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் பற்றிய கட்டுரை ஒன்றுக்காகச் சில வருடங்களுக்கு முன் நான் சந்தித்தவர். அவரது மூத்த மகள் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதியிருந்தாள்.

"பிள்ளை, ரெண்டு பி ஒரு சி. மாவட்ட நிலையும் போட்டிருக்கு. மெடிசின் கிடைக்குமோ கிடையாதோ எண்டு ஒருத்தரும் சொல்லுகினமில்லை. இனி ஒரு வருசம் இவள் என்ன செய்யிறது?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அதே கேள்வியோடு நானும் மூன்று வருடங்களைக் கழித்தவள். 2009 ஓகஸ்டில் மெனிக்பாம் முகாமுக்குள் இருந்தபடி உயர்தரம் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் தரப்பாளுக்குக் கீழும் இயங்கிய வைத்தியசாலைகளைப் பார்த்த எங்களில் பலருக்கு மருத்துவம் என்பது வெறும் தொழிற்கனவாக இருக்கவில்லை. எனக்கு அது கிடைக்கவில்லை. கடைசியில் ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றேன். காத்திருந்த அந்தக் காலத்தில் எனக்கு ஒருவரும் சொல்லித்தராதவற்றை அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் விசாரித்துச் சொன்னேன். அதையே இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

காத்திருப்பு ஏன் இவ்வளவு நீளம்?

உயர்தரம் எழுதி முடித்த பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிறது. 2022 ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு அந்த ஆண்டு செப்ரெம்பரில் வந்தது. 2023 ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2024 ஜனவரியில் நடந்து, மே மாத முடிவில் பெறுபேறு வந்தது. பெறுபேற்றுக்குப் பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும். அதன் பின் வெட்டுப்புள்ளி வெளியாகும். பிறகு பதிவு, பிறகு வெற்றிடம் நிரப்பும் சுற்று, அதன் பிறகே வகுப்பு.

இதில் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. மீண்டும் பரீட்சை எழுதுவதற்கான விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் வெட்டுப்புள்ளி வருவதற்கு முன்பே வந்துவிடும். அதாவது, கிடைத்ததா இல்லையா என்று தெரியாமலேயே மீள எழுதுவதா என்று பிள்ளை முடிவெடுக்க வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளை அதிகம் வதைப்பது இந்த இடைவெளிதான்.

வெட்டுப்புள்ளியை விளங்கிக்கொள்ளுங்கள்

மருத்துவபீடத்துக்கான தெரிவு இசட் புள்ளியின்படி நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துக் கணிப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் வரும் பெறுமானங்களின் சராசரியே பிள்ளையின் இசட் புள்ளி. அதனால் ஏ, பி, சி என்ற தரங்களை மட்டும் வைத்து "கிடைக்கும்", "கிடையாது" என்று அயலவர்கள் சொல்லும் கணக்கு பிழைக்கக்கூடும். ஒரே தரம் எடுத்த இருவரின் இசட் புள்ளி வேறாக இருக்கலாம்.

இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படும். மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எட்டும் அந்த 16 இல் அடங்கும். 1970களில் தரப்படுத்தல் என்ற சொல் நமது சமூகத்தில் என்ன செய்தது என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் இன்றைக்கு முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஆய்வுகூடமில்லாத பாடசாலையில் படித்த பிள்ளை மருத்துவபீடம் போவதற்கு மாவட்டப் பங்கீடு ஒரு கதவாக இருக்கிறது என்பதும் உண்மை.

எனவே பிள்ளை பார்க்க வேண்டியது தனது மாவட்டத்தின் கடந்த சில வருட வெட்டுப்புள்ளிகளை. அவை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் கிடைக்கும். மீள எழுதுவதற்காக வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாறும் எண்ணம் இருந்தால், எந்த மாவட்டத்தில் கணக்கெடுக்கப்படுவீர்கள் என்பது பற்றிய பகுதியை அனுமதிக் கைநூலில் வாசித்துவிட்டு மாறுங்கள்.

பெறுபேறு வந்தவுடன் செய்ய வேண்டியவை

முதலாவது, மீள்திருத்தம். எதிர்பார்த்ததற்கு மாறான பெறுபேறு வந்திருந்தால் பரீட்சைத் திணைக்களம் தரும் கால எல்லைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

இரண்டாவது, பல்கலைக்கழக விண்ணப்பம். மீள எழுதப் போகிறேன் என்பதற்காக இந்த முறை விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். விருப்பத்தெரிவு வரிசையில் எல்லா மருத்துவபீடங்களையும் போட்டுவிட்டு, அதன் கீழ் உண்மையிலேயே படிக்க விரும்பும் மற்றக் கற்கைநெறிகளையும் போடுங்கள். பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், விவசாயம், கடற்றொழில் விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம் என்று உயிரியல் பிரிவுக்குரிய பட்டியல் நீளமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மட்டும் 1978 இல் தொடங்கிய மருத்துவபீடத்தோடு துணை மருத்துவக் கற்கைகளும், சித்த மருத்துவமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும் இருக்கின்றன. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம் மருத்துவத்தோடு தாதியியலையும் கற்பிக்கிறது.

மூன்றாவது, ஏதாவதொரு கற்கைநெறி கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பதியாதீர்கள். ஒருமுறை பதிந்தவர் அடுத்த பெறுபேற்றைக் கொண்டு மீண்டும் விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. கைநூலில் அந்தப் பகுதியை வாசித்து, விளங்காவிட்டால் ஆணைக்குழுவிடமே கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

மீள எழுதுவதா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் வரைதான் பரீட்சைக்குத் தோற்றலாம். அந்த மூன்றையும் நான் எழுதினேன். மூன்றாவது 2011 இல். பழைய பாடத்திட்டமும் புதிய பாடத்திட்டமும் சேர்ந்து நடந்த அந்தப் பரீட்சையின் இசட் புள்ளிக் கணிப்பு வழக்குக்குப் போய், 2012 யூனில் உயர் நீதிமன்றம் அதை மீளக் கணிக்கச் சொன்னது. அதுவரை என்னைப் போன்ற பழைய பாடத்திட்டக்காரர் எல்லோரும் எங்கும் போக முடியாமல் நின்றோம்.

என் அனுபவத்திலிருந்து சொல்வதானால், மீள எழுதுவதற்கு முன் பிள்ளை மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். முதல் முறை எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் புள்ளி போனது? அது ஒரு வருடப் பயிற்சியால் சரிசெய்யக்கூடியதா? இந்த முறையும் கிடைக்காவிட்டால் அடுத்த நாள் எங்கே போவேன்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் மூன்று முறையும் எழுதினேன். அதுதான் எனது பிழை. எழுதியது பிழையில்லை.

இரண்டாம் முறை எழுதும் பல பிள்ளைகள் எல்லா ரியூசன் வகுப்புகளுக்கும் திரும்பவும் முதலிலிருந்து போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கவும் செய்கிறார்கள். அறை வாடகை, சாப்பாடு, வகுப்புக் காசு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். புள்ளி போன ஒரு பாடத்துக்கு மட்டும் வகுப்புக்குப் போய், மற்ற இரண்டுக்கும் வீட்டிலிருந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்வது பலருக்குப் போதும். பிள்ளையின் வகுப்புக்காக நுண்கடன் எடுத்துவிட்டு, கிழமைக்குக் கிழமை கட்ட முடியாமல் தவிக்கும் தாய்மாரை நான் செய்திக்காகப் பலமுறை சந்தித்திருக்கிறேன். படிப்புக்காக அந்தக் கடனை மட்டும் எடுக்காதீர்கள்.

சுகாதாரத்துறையின் மற்ற வாசல்கள்

மருத்துவர் ஆகாவிட்டால் வைத்தியசாலைக்குள் இடமில்லை என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். ஆனால் வைத்தியசாலை ஒன்றை நடத்துவது மருத்துவர்கள் மட்டுமல்ல.

சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் இருக்கின்றன. மூன்று வருடப் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. வீட்டில் உழைக்க ஆளில்லாத பிள்ளைக்கு இது பெரிய விடயம். மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகிய பயிற்சிகளுக்கும் அமைச்சு ஆட்சேர்ப்புச் செய்கிறது.

இவை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வருவதில்லை. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், வயதெல்லை இருக்கும், முடிவுத் திகதி விரைவில் வந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியை அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே பார்க்கலாம். காத்திருக்கும் வருடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பலர் வாய்ப்பை இழப்பது தகுதி இல்லாமல் அல்ல, அறிவித்தலைக் காணாமல்தான்.

கற்பித்தலில் விருப்பமுள்ளவர்களுக்குக் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. மூன்று வருடத்தில் கடைசி வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. வன்னியில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் ஒரு தலைமுறை பட்ட பாட்டை யோசித்தால், இது இரண்டாந்தர வழியல்ல.

"முதலில் பட்டம், பிறகு மருத்துவம்" என்ற யோசனை

கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர் ஒருவர் இப்படிச் சொல்வார்: "முதலில உயிரியலில ஒரு டிகிரி முடிக்கட்டும், பிறகு மெடிசினுக்குப் போகலாம்." அவர் பொய் சொல்லவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான மாணவர்கள் இளமாணிப் பட்டம் முடித்து, எம்கற் எனப்படும் நுழைவுப் பரீட்சை எழுதித்தான் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இடையில் ஓரிரு வருடம் ஆய்வுகூடத்திலோ வைத்தியசாலையிலோ வேலை செய்வதும் அங்கே வழமை. இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கென்று நான்கு வருட மருத்துவக் கற்கையும் இருக்கிறது.

ஆனால் இலங்கையின் அரச மருத்துவபீடங்களுக்கு வழக்கமான வழி உயர்தரப் பெறுபேறு மட்டுமே. யாழ்ப்பாணத்தில் உயிரியல் விஞ்ஞானப் பட்டம் முடித்த பிள்ளைக்கு அந்தப் பட்டத்தைக் கொண்டு இங்கே மருத்துவபீடம் நுழைய முடியாது. அந்தப் பட்டத்துக்கு அதற்கேயுரிய பயன்கள் உண்டு: ஆசிரியம், ஆய்வு, ஆய்வுகூடம், வெளிநாட்டு முதுமாணிப் புலமைப்பரிசில். ஆகவே பட்டத்தை அதற்காகவே எடுங்கள். மருத்துவத்துக்கான பின்வழி என்று நினைத்து எடுக்காதீர்கள்.

வெளிநாட்டு மருத்துவக் கல்வியும் முகவர்களும்

பெறுபேறு வந்த கிழமையிலேயே அந்த அம்மாவின் வீட்டுக்கும் ஒரு முகவர் வந்து போயிருந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்துத் தருவதாகவும், முற்பணம் கட்டினால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். காணியை ஈடு வைக்கலாமா என்று அவர் என்னிடம் கேட்டார்.

முற்பணம் கட்ட முன் பார்க்க வேண்டியவை சில. அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா? இதை முகவரின் கடதாசியில் அல்ல, மருத்துவ சபையிடமே உறுதிப்படுத்துங்கள். பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் அடிப்படைத் தகுதியை நிறைவு செய்கிறதா? அதையும் போவதற்கு முன்பே கேளுங்கள். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் இங்கே மருத்துவராகப் பதிய, ஈஆர்பிஎம் எனப்படும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன் பிறகே உள்ளகப் பயிற்சி. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்காமல் முழுக் கற்கைக்கும் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

காணி உறுதி இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று சென்ற மாதம் அந்த அம்மா சொன்னார்.

கிடைத்துவிட்டது, ஆனால் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை

இவர்களுக்குத்தான் இந்தக் காலம் உண்மையான ஓய்வு. இருந்தாலும் நான்கு விடயங்களைச் செய்யலாம்.

ஆங்கிலம்: மருத்துவபீடத்தில் கற்பித்தல் ஆங்கிலத்தில். இரசாயனத்தில் ஏ எடுத்த பிள்ளை முதல் வருட உடற்கூற்றியல் விரிவுரையில் ஒன்றும் விளங்காமல் அழுவது நமது பக்கத்தில் நடப்பதுதான். தினமும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தில் வாசிப்பதும் கேட்பதும் பேசுவதும் பெரிய பலன் தரும்.

சிங்களம்: பேராதனையிலோ, றுகுணுவிலோ, ரஜரட்டையிலோ இடம் கிடைத்தால் நோயாளியிடம் வருத்தத்தைக் கேட்பது சிங்களத்தில்தான். நமக்கு அந்த மொழியோடு இருக்கும் காயம் எனக்கும் தெரியும். வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவருக்கு அது தெரியாது.

முதலுதவி: செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. "வைத்தியசாலையில் சும்மா நின்று பழகலாம்" என்று அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். பயிற்சி இல்லாதவர் நோயாளிக்கு ஊசி போடுவதோ மருந்து கொடுப்பதோ கூடாது. தனியார் நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தால் அதில் உறுதியாக இருங்கள்.

உழைப்பு: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம், கணிதம் சொல்லிக்கொடுப்பது ஊரில் எப்போதும் தேவை. விடுதிக்கும் புத்தகத்துக்கும் அந்தக் காசு உதவும். ஒரு பகுதியை இலவசமாகவும் செய்யுங்கள்.

ஆவணங்களை இப்போதே சேருங்கள்

இது போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் உரிய வேலை. மற்ற மாவட்டத்துப் பிள்ளை அலுமாரியைத் திறந்து எடுக்கும் கடதாசி நமக்கு ஏதோவொரு பதுங்குகுழியில் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழின் பிரதி, தேசிய அடையாள அட்டை, பெயர் எழுத்துப் பிழைத் திருத்தம் ஆகியவற்றைப் பிரதேச செயலகத்தில் இந்த மாதங்களிலேயே முடியுங்கள். பதிவுக் கடிதம் வந்த பிறகு ஓடினால் நாள் போதாது.

மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பல்கலைக்கழக உதவுதொகைக்கும் குடும்ப வருமான விபரம் கேட்பார்கள். தகப்பனார் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. மரணச் சான்றிதழ் எடுக்கத் தாய்க்கு மனமில்லை; எடுக்காவிட்டால் படிவத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். 2016 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, ஒருவர் காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடமிருந்து பெறலாம். அது மரணச் சான்றிதழ் அல்ல. அதைப் பெறுவதால் தேடுதலைக் கைவிட்டதாகவும் ஆகாது. அதை எடுப்பதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. கிராம அலுவலரிடம் குடும்ப நிலையை விளக்கி வருமானச் சான்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அந்தப் பிள்ளை என்ன முடிவெடுத்தாள்?

அவள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவபீடங்களுக்குக் கீழே தாதியியலையும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தையும் போட்டிருக்கிறாள். தன் மாவட்டத்திலிருந்தே இரண்டாம் முறை எழுதுகிறாள். பௌதிகவியலுக்கு மட்டும் வகுப்பு. பின்னேரம் அயலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை வர்த்தமானி பார்க்கிறாள். இதை எழுதும்போது வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை.

"அக்கா, மூண்டாம் தரம் எழுதமாட்டன். ரெண்டோட சரி. பிறகு கிடைச்சதைப் படிப்பன்" என்று அவள் சொன்னாள். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.